குலை ஒரு பஸ்ஸில், மகள் ஒரு பஸ்ஸில்

எங்கள் பக்கத்தில் பஸ்ஸில் ஏறுவது ஒரு வேலை, சீற் பிடிப்பது வேறொரு வேலை. இரண்டும் ஒன்றுதான் என்று நினைக்கிறவர் போகுமிடம் வரைக்கும் ஒற்றைக் காலில் நின்றுதான் போவார். விவரம் தெரிந்தவர்கள் பஸ் முழுதாக நிற்பதற்கு முன்னரே யன்னலுக்குள்ளால் லேஞ்சியை (கைக்குட்டையைத்தான் சொல்கிறேன்) எட்டி ஒரு சீற்றில் போட்டுவிடுவார்கள். பிறகு ஆறுதலாகக் கதவால் ஏறி வந்து இருக்கலாம். லேஞ்சி கிடக்கிற சீற்றில் எந்தப் பெரிய சண்டியனும் இருக்கமாட்டான். லேஞ்சி இல்லாதவர் குடையைப் போடுவார், தொப்பியைப் போடுவார். ஒருவர் தன் செருப்பில் ஒன்றைப் போட்டுவிட்டு, மற்றக் காலால் கெந்திக் கெந்தி ஏறியதை நானே கண்டிருக்கிறேன்.

இன்னொரு நல்ல வழக்கமும் உண்டு. பிள்ளையோடு நிற்பவரைக் கண்டால், சீற்றில் இருப்பவர் கையை நீட்டி, "பிள்ளையைத் தாங்கோ" என்று வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். ஆர், எவர் என்று கேட்பதில்லை. இறங்கும்போது திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.

இந்த இரண்டு வழக்கத்தையும் ஒன்றாகக் கலந்த ஆள் வன்னி முழுவதற்கும் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

அது பாதை திறந்திருந்த சமாதான காலம். பரந்தன் சந்திக்குப் பின்பக்கம் எங்கள் வீடு. நான் கணக்குப் படிப்பிக்கிற வாத்தியார். எங்கள் மகள் ஆரணிக்கு அப்போது இரண்டு வயது முடியவில்லை. மனைவி வசந்தியின் தங்கைக்கு மாங்குளத்தில் கலியாணம் வைத்திருந்தார்கள். பலகாரம் சுட வசந்தி முன்கூட்டியே போகவேண்டும். அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

"கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்திலை இவளை வைச்சிருக்க ஏலாதப்பா. அதுதான் யோசிக்கிறன்" என்றாள்.

"இதிலை என்ன யோசனை. நீர் முன்னுக்குப் போம். நான் பொன்னுருக்கு அண்டைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறன்."

"தனியவோ?"

"நாப்பது பிள்ளையளை ஒரு வகுப்பிலை வைச்சு மேய்க்கிறனான். ஒரு பிள்ளையைப் பாக்க மாட்டனோ?"

"அந்த நாப்பதும் துலைஞ்சாத் தங்கடை வீட்டுக்குத்தான் போகும்" என்றாள் வசந்தி. ஆனாலும் வேறு வழி இல்லை, போனாள். போகிற போக்கில் சொன்ன கடைசிப் புத்திமதி எங்கள் வளவு வாழைக்குலையைப் பற்றியது. கலியாண வீட்டுக்கென்றே பார்த்துப் பார்த்து வளர்த்த கதலிக் குலை. "அதை ஆரிட்டையும் குடுத்திடாதேங்கோ. நசிச்சுப் போடுவினம். உங்கடை தோளிலையே வைச்சுக் கொண்டு வாங்கோ."

(கவனிக்க வேண்டும். குலையை ஆரிடமும் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொன்னாள். பிள்ளையைப் பற்றி அப்படி ஒன்றும் சொல்லவில்லை. இந்த நியாயத்தை நான் பிறகு அவளிடம் ஒரேயொரு முறைதான் சொன்னேன்.)

வசந்தி இல்லாத அந்த நாட்களை நானும் மகளும் லாண்ட்மாஸ்டர் ஓடியே கழித்தோம். இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். நீளமான இரண்டு பிடியைப் பிடித்துத் திருப்பவேண்டும். எங்கள் வீட்டு லாண்ட்மாஸ்டர் நான்தான். முழங்காலில் நிற்பேன். ஆரணி என் மூக்கைப் பிடித்துத் திருகினால் இயந்திரம் ஸ்ராட். "டுக்கு டுக்கு டுக்கு" என்று நான் சத்தம் போடவேண்டும். பிறகு முதுகில் ஏறி இருந்து என் இரண்டு காதையும் பிடித்து இழுத்துக் குசினிக்கும் கிணற்றடிக்கும் ஓட்டுவாள். மூக்கைத் திருகாமல் நான் சத்தம் போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள். இயந்திர விஷயத்தில் அவள் அவ்வளவு கண்டிப்பு.

தாலிக்குப் பொன் உருக்குகிற அந்தப் பொன்னுருக்கு நாள் வந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஒரு தோளில் உடுப்புப் பை, மறு தோளில் வாழைக்குலை, இடுப்பில் சிவப்புச் சட்டையோடு மகள். சந்திக்குப் போனபோது யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்த பஸ் ஒன்று நின்றது. சனம் அதை மொய்த்தது. "வவுனியா பஸ் வந்திட்டுது" என்று ஆரோ கத்தினார்கள். மாங்குளத்துக்கு அதில்தான் போகவேண்டும். என் தோளில் குலை இருந்ததால் தலையை ஒரு பக்கம் சரித்துத்தான் நடக்க முடிந்தது. பஸ்ஸின் பெயர்ப்பலகை நான் சரித்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்.

யன்னலோரம் பச்சைச் சீலையில், தலைக்கு முக்காடு போட்ட ஒரு அக்கா இருந்தா. அவவுக்குப் பக்கத்துச் சீற் வெறுமையாகக் கிடந்தது. என் சட்டைப் பையைத் தடவினேன். லேஞ்சி இல்லை. குடையும் இல்லை. குலையைப் போடலாம், ஆனால் நசிந்துவிடும்.

"அக்கா, இவளைப் பக்கத்துச் சீற்றிலை ஒருக்கா இருத்துங்கோ. நான் ஏறி வாறன்."

"தாங்கோ தம்பி" என்று அவ இரண்டு கையையும் நீட்டினா. யன்னலுக்குள்ளால் மகளைக் கொடுத்தேன். அழவில்லை. அந்த அக்காவின் காதுத் தோட்டைப் பார்த்த பார்வையில் என்னை மறந்துபோனாள். என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கே ஒரு புளுகம் வந்தது. வழக்கம் தெரியாத ஆரும் லேஞ்சியைத் தூக்கி எறிந்துவிட்டு இருக்கலாம், பிள்ளையைத் தூக்கி எறிவார்களா?

முன்கதவில் நெரிசல். பின்கதவுக்கு ஓடினேன். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். நான் மகளைக் கொடுத்த பஸ்ஸுக்குப் பின்னால், ஒட்டினாற்போல் இன்னொரு பஸ் அப்போதுதான் வந்து நின்றது. முன் பஸ்ஸின் பின்கதவுக்கும் பின் பஸ்ஸின் முன்கதவுக்கும் நடுவே ஒரு ஆள் மட்டுமட்டாகப் போகக்கூடிய இடைவெளிதான். குலையோடு தலையைக் குனிந்து வந்தவனைச் சனம் ஒரு தள்ளுத் தள்ளியது. ஏறிவிட்டேன். எந்தக் கதவால் என்று பார்க்க எனக்குக் கண் பக்கவாட்டில் இல்லையே.

பஸ் வெளிக்கிட்டது. நான் நடுவில் நெரிபட்டு நின்றேன். கொண்டக்டர் வந்து, "குலையோடை எங்கை சேர், கலியாண வீட்டுக்கோ?" என்று கேட்டார்.

"ஓம், மாங்குளம். றோட்டுக் கரையிலேயே பந்தல் போட்டிருக்கு. வாசலிலை இறக்கிவிடுங்கோ. சீற் பிடிச்சிருக்கு, முன்னுக்குப் பிள்ளை இருக்கு" என்று பெருமையாகச் சொன்னேன்.

ஆனால் முன்னுக்கு எட்டிப் பார்த்தால் பச்சைச் சீலை தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்தேன். பிறகு வகுப்பறைக் குரலை எடுத்தேன். "முன்னுக்கு ஒரு சின்னப் பிள்ளையை ஒரு அக்காட்டைக் குடுத்தனான். பிள்ளையை ஒருக்கா இஞ்சாலை அனுப்பிவிடுங்கோ."

எங்கள் சனம் உதவி என்று வந்தால் ஒன்றையும் விசாரிப்பதில்லை. உடனே சனத்தின் தலைகளுக்கு மேலால் கைமாறிக் கைமாறி ஒரு பிள்ளை வந்து என் நெஞ்சில் இறங்கியது. பொடியன். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"இது என்ரை இல்லை. என்ரை பெண்பிள்ளை."

"பெண்பிள்ளையாம்" என்று செய்தி முன்னுக்குப் போனது. அடுத்ததாக நாலு வயசு மதிக்கத்தக்க ஒரு பெட்டை வந்து சேர்ந்தாள். வந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்து, "நான் உங்கடை பிள்ளை இல்லை. என்னை அம்மாட்டை விடுங்கோ" என்று தெளிவாகச் சொன்னாள்.

"இன்னும் சின்னன்" என்றேன். அது என் பிழை. மூன்றாவதாகப் பால்போத்தலோடு நித்திரையில் இருந்த ஒரு கைக்குழந்தை வந்தது. இதற்கிடையில் முன்பக்கம் இரண்டு மூன்று தாய்மார் எழும்பிவிட்டார்கள். "ஆரப்பா என்ரை பிள்ளையைப் பின்னுக்கு அனுப்பினது?" பொடியன் என் குலையில் ஒரு பழத்தைப் பிடுங்கப் பார்த்தான். அந்த நிலையிலும் நான் குலையை மறுபக்கம் திருப்பினேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

"சேர், இது பஸ்ஸோ பிள்ளைச் சந்தையோ?" என்றார் கொண்டக்டர்.

அப்போது யன்னலோரம் இருந்த ஒரு ஐயா கேட்டார். "தம்பி, பிள்ளையை வாங்கின மனிசி எப்பிடி இருந்தவ?"

"பச்சைச் சீலை. தலையிலை முக்காடு."

"அவை முன்னுக்கு நிண்ட பஸ்ஸிலையெல்லோ இருந்தவை. அது முல்லைத்தீவு பஸ். சந்தியிலை அங்காலை திரும்பிட்டுது."

காலுக்குக் கீழே பஸ் இல்லாததுபோல் இருந்தது. "நிப்பாட்டுங்கோ" என்று நான் கத்திய கத்தில் கைக்குழந்தை எழும்பிவிட்டது. பிள்ளைகளையும் குலையையும் ஆரிடம் கொடுத்தேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. குதித்தபோது தோளில் ஒரு பாரமும் இல்லை, அவ்வளவுதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரந்தன் சந்தியை நோக்கி ஓடினேன். எதிரே வந்த என் மாணவர்கள் இருவர் சைக்கிளை விட்டு இறங்கி மரியாதையாக, "குட் மோர்னிங் சேர்" என்றார்கள். நானும் ஓடிக்கொண்டே, "மோர்னிங், இருங்கோ" என்றேன்.

சந்தித் தேத்தண்ணிக் கடையில் ஒரு மீன்காரர் நின்றார். விடியவே முல்லைத்தீவிலிருந்து மீன் கொண்டுவந்து விற்றுவிட்டு, வெறும் பெட்டியோடு மோட்டார் சைக்கிளில் திரும்பிப் போகிறவர். நான் மூச்சு வாங்கச் சொன்னதில் அவருக்கு விளங்கியது "பிள்ளை", "பஸ்" என்ற இரண்டு சொல்தான். பாதித் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பினார்.

"பெட்டிக்கு மேலை இருங்கோ சேர். என்னைக் கட்டிப் பிடியுங்கோ."

பெட்டிக்குள் ஐஸ் உருகிய மீன்தண்ணி. குண்டும் குழியுமான அந்த றோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு கை தண்ணி மேலே எழும்பி என் வேட்டியை நனைத்தது. மேலால் செம்மண் புழுதி வந்து ஒட்டியது. மாடு குறுக்கே வரும்போதெல்லாம் அவர் தன் ரப்பர் ஹோணை அமத்துவார். மாடு விலகுகிறதோ இல்லையோ, வீடுகளிலிருந்து பெண்கள் கோப்பையோடு வெளியே வந்துவிடுவார்கள். முரசுமோட்டையில் ஒரு அம்மா றோட்டுக்கே வந்து மறித்துவிட்டா.

"என்ன மீன் கிடக்கு?"

"மீன் இல்லையக்கா. இவற்றை பிள்ளை பஸ்ஸிலை போட்டுது."

"அது சிவப்புச் சட்டைப் பிள்ளையோ? இப்பத்தான் யன்னலுக்கால எல்லாருக்கும் கை காட்டிக்கொண்டு போச்சுது."

கை காட்டிக்கொண்டு போனது என்று கேட்டதும் எனக்கு ஒரேயடியாக அழுகை வந்துவிட்டது. அதுவரைக்கும் வசந்திக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். அந்த இடத்தில் வசந்தி, கலியாணம், மானம், மரியாதை எல்லாம் போய்விட்டது. அந்தச் சின்னக் கை மட்டும்தான் மனதுக்குள் நின்றது. எந்தக் கோயிலுக்கு என்னென்ன நேர்ந்தேன் என்று எனக்கே தெரியாது. "புழுதி கண்ணுக்குள்ளை போட்டுது" என்றேன். "ஓம் சேர், இந்த றோட்டு அப்பிடித்தான்" என்று மீன்காரர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

தருமபுரத்தில் பஸ் நின்றது. நின்றது என்றால் சும்மா இல்லை, சனமெல்லாம் இறங்கி மரத்தடியில் நின்றது. பிள்ளைக்குச் சொந்தக்காரர் பஸ்ஸில் இல்லை என்று தெரிந்ததும், தேப்பன் வருமட்டும் பஸ் அசையாது என்று சாரதி இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டாராம். நடுவில் அந்த அக்கா. அவவின் இடுப்பில் என் மகள், கையில் பேக்கரிப் பணிஸ் ஒன்று, முகமெல்லாம் சீனி.

"அக்கா, நான்தான். பிள்ளையின்ரை தேப்பன்."

அவ என்னை ஏற இறங்கப் பார்த்தா. "பிள்ளையைத் தந்த தம்பி வெள்ளைச் சட்டை போட்டிருந்தவர். தோளிலை வாழைக்குலை இருந்தது."

"குலை மற்ற பஸ்ஸிலை போட்டுது அக்கா."

"பிள்ளை ஒரு பஸ்ஸிலை, குலை ஒரு பஸ்ஸிலை. நீர் மீன் பெட்டியிலை. இதை நான் நம்பவேணுமோ?"

அவ கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. என் சட்டை செங்கல் நிறத்தில் இருந்தது. வேட்டியில் மீன் இரத்தம். கையெல்லாம் செதில். என்னைக் கண்டால் நானே என்னிடம் பிள்ளையைக் கொடுத்திருக்க மாட்டேன். சாட்சிக்கு மீன்காரரைப் பார்த்தேன். "எனக்கும் இவரை இண்டைக்குத்தான் தெரியும்" என்றார் அந்த நேர்மையான மனிதர்.

பக்கத்தில் நின்ற அவவின் கணவர், சண்டைக்குள் இடம்பெயர்ந்து போய், சமாதானத்தோடு வந்து முல்லைத்தீவில் திரும்பவும் புடைவைக் கடை போட்டவர், ஒரு யோசனை சொன்னார். "பிள்ளையைக் கேட்டுப் பாப்பம்."

"மகள், இது ஆர்?" என்று அக்கா கேட்டா.

பஸ் சனம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஆரணி என்னைப் பார்த்தாள். மூக்கைச் சுருக்கினாள். பணிஸில் ஒரு கடி கடித்தாள்.

"மீன்" என்றாள். சொல்லிவிட்டு அந்த அக்காவின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஒருவர், "உவரைப் பிடிச்சு வைச்சு விசாரிக்கவேணும்" என்றார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. தருமபுரம் பஸ் தரிப்பிடத்தில், ஒரு பஸ் நிறைந்த சனத்துக்கும் இரண்டு கடைக்கும் முன்னால், கணித ஆசிரியராகிய நான் முழங்காலில் நின்று இரண்டு கையையும் நிலத்தில் ஊன்றினேன்.

"என்ன செய்யிறார் இவர்?" "வலிப்போ?" "தண்ணி குடுங்கோ."

"டுக்கு" என்றேன். "டுக்கு டுக்கு."

அக்காவின் கழுத்துக்குள்ளிருந்து ஒரு கண் எட்டிப் பார்த்தது. பிறகு தலையை இல்லை என்று ஆட்டினாள். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மூக்கைத் திருகாமல் எப்படி ஸ்ராட் ஆகும்? சத்தத்தை நிறுத்திவிட்டு மூக்கை நீட்டிக்கொண்டு காத்திருந்தேன். அக்காவுக்கு என்ன தோன்றியதோ, பிள்ளையை மெல்ல நிலத்தில் இறக்கிவிட்டா. ஆரணி தத்தித் தத்தி வந்தாள். சீனி ஒட்டிய விரல்களால் என் மூக்கைப் பிடித்து ஒரு திருகு திருகினாள்.

"டுக்கு டுக்கு டுக்கு டுக்கு."

முதுகில் ஏறி இருந்து, பணிஸோடு சேர்த்து இரண்டு காதையும் இழுத்துப் பிடித்து, "அப்பா, போ" என்றாள்.

போனேன். மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போனேன். அழுதுகொண்டேதான் போனேன். சனம் சிரித்த சிரிப்பில் காகங்கள் எழும்பின.

"சரி, தேப்பன்தான். வேறை ஆரும் இந்த வேலை பாக்க மாட்டினம்" என்று அக்கா தீர்ப்புச் சொன்னா. கடைக் குழாயில் என் முகத்தைக் கழுவச் செய்து, தன் கைப்பையிலிருந்து நீலக் கரை போட்ட லேஞ்சி ஒன்றை எடுத்துத் தந்தா. துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கவில்லை.

"வைச்சிரும் தம்பி. இனிமேல் சீற் பிடிக்க இதைப் போடும்."

திரும்பி வரும் வழியெல்லாம் மகள் என் மடியில் நித்திரை. வசந்திக்கு ஒன்றும் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். வன்னியில் அப்போது கைபேசி கிடையாது. அறிவிக்க ஆள் இல்லை. பஸ் பிந்திவிட்டது, வழியில் விழுந்துவிட்டேன், அவ்வளவுதான். பொழுதுபடுகிற நேரம் மாங்குளத்தில் இறங்கினேன். பந்தல் வாசலில் முதலில் கண்ணில் பட்டது எங்கள் வளவு வாழைக்குலை. பந்தலின் குறுக்கு வளைமரத்தில் அழகாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

அந்தக் கொண்டக்டர் நல்ல மனிதர். குலையையும் பையையும் பொறுப்பாகக் கலியாண வீட்டு வாசலில் இறக்கி, "குலை வந்திட்டுது. சேர் பிள்ளையை வேறை பஸ்ஸிலை போட்டிட்டுத் தேடிக்கொண்டு ஓடுறார்" என்று செய்தியையும் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். அந்த நேரம் தொட்டு வசந்தி றோட்டுக் கரையிலேயே நின்றிருக்கிறாள். வந்த பஸ் ஒவ்வொன்றிலும் ஏறி, சீற் சீற்றாகப் பார்த்துவிட்டு இறங்கினாளாம். தங்கையின் பொன்னுருக்கை அவள் பார்க்கவே இல்லை.

என் கையிலிருந்து பிள்ளையைப் பறித்து எடுத்தாள். தலையை மணந்தாள், கழுத்தை மணந்தாள், கை விரலெல்லாம் எண்ணிப் பார்த்தாள். பிறகு கட்டிப் பிடித்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதாள். அந்த அழுகையைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த பெரிய தண்டனை. அழுது முடிய, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"குலையிலை ஒரு பழம்கூட நசியேல்லை" என்றாள்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். "வசந்தி, நான் ஏறினது சரியான பஸ்தான்" என்றேன். பந்தலே சிரித்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் என்னைக் காண்கிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "எந்த பஸ்ஸிலை வந்தனீங்கள்?" என்பதுதான். மகளுக்கு மாமன்மார் வைத்த பெயர் லேஞ்சி. தருமபுரத்துச் செய்தி பள்ளிக்கூடம் வரை வந்து, எனக்கு லாண்ட்மாஸ்டர் சேர் என்று பெயரானது.

சில வருடங்களின் பின்னர் சண்டை திரும்ப மூண்டு, ஊரோடு சேர்ந்து நாங்களும் வீட்டை விட்டு வெளிக்கிட்ட காலம் வந்தது. அந்த நாட்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். சனக்கூட்டத்துக்குள் இறங்குவதற்கு முன் வசந்தி அந்த நீலக்கரை லேஞ்சியை எடுத்து, என் மணிக்கட்டையும் ஆரணியின் மணிக்கட்டையும் சேர்த்து இறுக்கிக் கட்டினாள். "இந்த முறை ரண்டு பேரும் ஒரே பஸ்" என்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு நாங்கள் மூவரும் சிரித்தோம். அந்த முடிச்சு கடைசிவரை அவிழவில்லை. மூவரும் ஒன்றாகவே வந்து சேர்ந்தோம்.

ஆரணி இப்போது வளர்ந்து, வேலைக்குப் போகிறாள். போன மாதம் நாங்கள் இருவரும் வவுனியா போவதற்காகப் பரந்தன் சந்திக்குப் போனோம். அவள் சுறுக்காக ஏறி இரண்டு சீற் பிடித்துவிட்டாள். நான் கீழே நின்று செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவளுக்குப் பக்கத்துச் சீற்றில் அந்தப் பழைய லேஞ்சி கிடந்தது. நீலக்கரை வெளுத்துப்போய் இருந்தது. ஒருவர் வந்து அதைப் பார்த்து, "ஆரும் வருகினமோ பிள்ளை?" என்று கேட்டது யன்னலுக்கால் எனக்குக் கேட்டது.

"ஓம், என்ரை அப்பா வாறார்" என்றாள் மகள். "எந்த பஸ்ஸிலை எண்டுதான் தெரியாது."